கரண்ட் கேட்கப் போன வீடு

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், அது எந்த வருடம் கட்டியது, யார் கட்டியது, அவர்கள் என்ன குடி, என்ன வம்சம் என்று கேட்காவிட்டால் எனக்குத் தேநீர் இறங்காது. கல்முனைப் பக்கத்துக் குடும்பங்களின் வரலாற்றை எழுதுகிறேன் என்று இதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். என் மனைவி பரீதா வைத்திருக்கும் பெயர் வேறு. (அச்சில் போட முடியாதது.) இந்த வியாதியால் எனக்குப் பகை கிடைத்திருக்கிறது, சில பழைய படங்கள் கிடைத்திருக்கின்றன. ஒரே ஒரு தடவை மருமகன் கிடைக்கப் பார்த்தான்.

பெற்றோல் வரிசையில் காருக்குள்ளேயே படுத்து எழும்பிய அந்த வருடத்தில் எனக்குள் மின்சாரக் கார் ஆசை முளைத்தது. வழக்கம்போல் வாசிக்கத் தொடங்கினேன். பற்றறி எப்போது யாரால் கண்டுபிடிக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்கியதால், கார் வாங்கும் அத்தியாயத்துக்கு வந்து சேரச் சில வருடங்கள் பிடித்தன. பிறகு ஓடிப் பார்க்கும் படலம். முதல் கார் என் முழங்காலுக்குச் சின்னதாக இருந்தது. இரண்டாவது புத்தம் புதுசு. விலையைக் கேட்டதும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு இறங்கினேன். மூன்றாவது, ஜப்பானில் நன்றாக உழைத்துக் களைத்து வந்த ஒரு நீலக் கார். "நாள் முழுக்க வெச்சி ஓடிப் பாருங்க காக்கா, புடிச்சா எடுங்க," என்று என்னை அண்ணனாக்கி விற்பனைக்காரர் சாவியைத் தந்தார்.

முடிவு பரீதாவின் கையில் இருந்தது. எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அங்கே போய்க் குடியேறுவான். வீடு அவளுடையது என்றால் அதிலுள்ள பிளக்கும் அவளுடையதுதானே. அவள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். பொத்துவிலில் தன் தங்கச்சி வீட்டு விருந்துக்குப் போக வேண்டும், அந்தி மஃரிப் தொழுகைக்கு முதல் திரும்பி வரவேண்டும். நடுவழியில் நின்றால் கார்க் கதையை இனி வீட்டில் எடுக்கவே கூடாது.

நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். பரீதா பெருநாள் சாரியில். மகள் றிஸ்னா புது உடுப்பில். பின்சீட்டில் தங்கச்சிக்கு ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு. அக்கரைப்பற்று வரை நான் பற்றறியின் வரலாற்றை விளக்கிக்கொண்டு போனேன். அதைக் கேட்காமலிருப்பதற்காகவோ என்னவோ, பரீதா ஏசியை முழுதாகத் திருகிவிட்டாள். அக்கரைப்பற்றில் சார்ஜ் போட இடம் இருந்தது. நிறுத்தினால் நிபந்தனை முறிந்துவிடும் என்று வீறாப்பாகத் தாண்டிப் போனேன்.

திருக்கோவில் கழிந்ததும் திரையில் இருந்த கிலோமீற்றர்கள் வெயிலில் வைத்த ஐஸ்கட்டிபோல் கரையத் தொடங்கின. ஏசியை நிறுத்தினேன். ஜன்னலைத் திறந்தேன். கடல் காற்று எதிரே வந்து தள்ளியது. கோமாரியைக் கடந்ததும் றிஸ்னா எட்டிப் பார்த்து, "வாப்பா, இதுல ஆமை ஒண்டு வந்திரிக்கி," என்றாள்.

வலு குறைந்துவிட்டது என்பதைச் சொல்லும் படம் அது. அதற்குப் பிறகு கார் படத்துக்கு விசுவாசமாக நடந்துகொண்டது. ஒரு மாட்டு மந்தை எங்களை முந்திச் சென்றது.

தென்னந்தோட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய வீடு தெரிந்தது. அதன் வாசலுக்குள் காரை உருட்டிவிட்டேன். அங்கேயே அது அடங்கியது. வெள்ளைத் தொப்பியோடு ஒரு ஹாஜியார் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, திரைச்சீலையைப் பிடித்தபடி. ஸலாம் சொன்னோம். யார், எவர் என்று கேட்காமலே உள்ளே வரச் சொன்னார்கள்.

இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. 'ஹாஜியார், ஒரு பிளக் வேணும்,' என்று வாசலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத வீட்டில் கால் வைத்ததும் கரண்ட் கேட்பது நாகரிகமா? கொஞ்சம் கதைத்துவிட்டுக் கேட்போம் என்று உட்கார்ந்தேன். கையில் பெட்டியோடு நிற்பது அழகில்லை என்று பரீதா மஸ்கட்டை அந்த அம்மாவிடம் நீட்டிவிட்டாள். நான் என் வியாதியைத் தொடங்கினேன். வீடு எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முதல் கட்டியதா, பிறகா என்று கேட்டேன். பிறகுதான் என்றார். காணி எத்தனை ஏக்கர் என்றேன். பிள்ளைகள் எத்தனை பேர் என்றேன். மூன்று பெண்களும் கல்யாணம் கட்டிவிட்டார்கள், கடைசி மகன் நஸீர் கட்டாரில் எலெக்றீசியன், லீவில் வந்திருக்கிறான் என்றார். எலெக்றீசியன் என்றதும் என் முகம் மலர்ந்தது. அது அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. கடைசியாக அந்த அம்மாவிடம் என்ன குடி என்று கேட்டேன். லெவ்வைக்குடி என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். உடுத்திக்கொண்டு, இனிப்போடு, வந்த காரியத்தை உடனே சொல்லாமல், காணி பூமி விசாரித்து, கடைசியில் குடி கேட்பார்கள். குடி தாய்வழியாக வருவது. ஒரே குடிக்காரர் கூடப்பிறந்தவர் முறை, அதற்குள் கட்ட மாட்டார்கள். இதையெல்லாம் விளக்கிப் பள்ளிவாசல் மலர் ஒன்றில் நீண்ட கட்டுரை எழுதியவன் நான். அந்தக் கட்டுரையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு மட்டும் தெரியவில்லை.

"ஹாஜியார், ஒரு காரியமாத்தான் வந்தம். கேக்கக் கூச்சமா இரிக்கி," என்றேன்.

"என்ன கூச்சம்? நல்ல காரியந்தானே," என்றார்.

நஸீர், அயர்ன் சூடு ஆறாத சேட்டோடு வந்து நின்றான். றிஸ்னா அவனைப் பார்த்தாள், மஸ்கட் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு உம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அதற்குள் அந்த அம்மா றிஸ்னாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, "புள்ளைக்கு வீடு கட்டி முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இல்லை, கரண்டுக்குத்தான் வந்தோம் என்றால் அந்த வீட்டின் முகம் என்னாவது? பேசாமல் இருந்தால் என் மகளின் கதி என்னாவது? அவளுடைய கை இன்னும் அந்த அம்மாவின் கைக்குள்தான் இருந்தது.

பரீதா ஒரு பெருமூச்சு விட்டாள். "என்ன செய்ற ராத்தா, எங்களுக்குக் குடுத்து வெக்கல்ல. நாங்களும் லெவ்வைக்குடிதான்."

இது தவறான தகவல். பரீதாவின் குடி எது, எத்தனை தலைமுறையாக அது என்று என்னிடம் ஆதாரம் இருக்கிறது. திருத்துவதற்காக என் தொண்டை தானாகவே செருமியது. பரீதாவின் குதிக்கால் என் கால்விரல் மேல் ஏறியது. நான் செருமலை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

அந்த அம்மா றிஸ்னாவின் கையை விட்டார். பிறகு எழும்பி வந்து பரீதாவைக் கட்டிக்கொண்டார்.

"அப்ப நீ என்ட தங்கச்சிதானே?"

தங்கச்சியின் புருஷனுக்குக் கூச்சம் எதற்கு? கரண்ட் கேட்டேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் தோட்டத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. (காகங்கள் வேறு காரணத்துக்காகவும் பறந்திருக்கலாம்.) நஸீர் ஜன்னல் வழியாக வயர் இழுத்தான். வீட்டுக் கரண்டைக் கார் மெல்ல மெல்லக் குடித்தது. நாங்கள் சோறு தின்றோம், தூங்கினோம், திரும்பத் தேநீர் குடித்தோம். பொத்துவில் தங்கச்சி போனில் ஏசினாள். மஃரிப் அந்த வீட்டில்தான் தொழுதோம்.

திரும்பும் வழியில், பொய் சொன்னாயே என்று பரீதாவிடம் கேட்டேன்.

"எதுங்க பொய்? ஆதம் நபிட புள்ளையள் எல்லாரும் ஒரு குடிதானே. அதையும் ஒங்கட பொஸ்தகத்துல எழுதுங்க," என்றாள்.

மறுநாள் நீலக் காரைத் திருப்பிக் கொடுத்தேன். கார்க் கதை எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது. நாங்கள் இன்றும் பழைய பெற்றோல் காரில்தான் போகிறோம்.

ஆனால் முற்றத்தில் அரை நாள் நின்ற அந்தக் கார் கோமாரி வீட்டாரின் மனதைப் பிடித்துவிட்டது. சில மாதங்களில் அதே மாதிரி ஒன்றை வாங்கினார்கள். கல்முனைக்குச் சாமான் வாங்க, டொக்டரிடம் காட்ட என்று மாதா மாதம் வருகிறார்கள். இங்கே வந்து சேரும்போது அவர்களுடைய காரிலும் ஆமை தோன்றிவிடுகிறது. அதற்காக, கட்டார் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட நஸீர் எங்கள் சுவரில் ஒரு தனிப் பிளக் பூட்டித் தந்திருக்கிறான். மின்சாரக் காரே இல்லாத வீட்டில் அப்படி ஒரு பிளக் இருப்பது இந்தத் தெருவில் எங்கள் வீட்டில்தான். வாசலில் ஹோர்ன் கேட்டால் றிஸ்னா, "மாப்பிள்ள வீட்டார் வந்திட்டாங்க," என்பாள். அவளுடைய கல்யாணத்துக்கு (மாப்பிள்ளை சாய்ந்தமருதுக்காரர்) லெவ்வைக்குடிப் பெரியும்மாவாக முன்வரிசையில் நின்றவர் அந்த அம்மாதான்.

என் புத்தகம்தான் நின்றுபோய்க் கிடக்கிறது. குடிகள் பற்றிய அத்தியாயத்தில் பரீதாவின் குடியை உண்மையாக எழுதினால் ஒரு குடும்பம் போய்விடும். பொய்யாக எழுதினால் நான் போய்விடுவேன். போன முறை வந்தபோதும் நஸீர் வயரைச் சொருகிவிட்டு, "சாச்சா, நம்மட குடிட வரலாறு எழுதி முடிஞ்சிட்டா?" என்று கேட்டான்.

நான் செருமினேன். குசினிக்குள் அடுப்படியிலிருந்து பரீதாவின் குரல் முந்திக்கொண்டு வந்தது.

"எழுதுறார் மகன். அவருக்கும் சார்ஜ் மெதுவாத்தான் ஏறும்."