லோகநாயகியின் கிளவுஸைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகோள்

செம்மண்டலம், கடலூர்.
17.3.2011

பெருமதிப்பிற்குரிய மச்சான் செந்தமிழ்செல்வன் அவர்கள் சமூகத்துக்கு,

சிதம்பரத்தில் தங்களுக்கு ரத்த அழுத்தமும் அக்காவுக்கு முட்டிவலியும் குறைந்திருக்கும் என்று நம்பி, ராஜாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை லோகநாயகி மிகவும் சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. காரணம் உங்கள் மகன் சித்தார்த்.

போன ஞாயிற்றுக்கிழமை, இன்ஜினியரிங் கடைசி வருஷ பிராஜெக்ட் என்று சொல்லி ஒரு கறுப்புக் கிளவுஸைக் கொண்டுவந்து அத்தையின் வலது கையில் மாட்டினான். விரலுக்கு ஒரு ஒயர், இடுப்பில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். சைகை காட்டினால் டப்பா பேசுமாம். மொத்தம் நாற்பத்தெட்டு வார்த்தை, எல்லாம் அவன் குரலிலேயே, அதுவும் ஜலதோஷம் பிடித்திருந்தபோது பதிவு செய்தது. பிறந்ததிலிருந்து காது கேட்காத, பேச்சு வராத என் மனைவி விரலை மடக்கினாள்; டப்பா "தண்ணி" என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான். ஒரு டம்ளர் கேட்டவளுக்கு ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஏனென்றால், கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமாக வெளியாட்களுக்கு அவள் சைகையை எடுத்துச் சொன்னவன் நான் ஒருத்தன்தான். சில இடங்களில் கொஞ்சம் பதமாக்கிச் சொல்வேன். ஒரு சில இடங்களில் மாற்றியும் சொல்வேன். குடும்பம் நடத்த அது தேவைப்பட்டது.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டு ராசம்மாள் வழக்கம்போலக் கருவாட்டுக் குழம்போடு வந்து, "எப்படி இருக்கு லோகு?" என்று கையை ஆட்டிக் கேட்டாள். நான் "பிரமாதம்ங்கிறா" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் டப்பா முந்திக்கொண்டது. "உப்பு. ஜாஸ்தி. வேண்டாம்." நாற்பத்தெட்டு வார்த்தையில் மரியாதைக்கு ஒரு வார்த்தை சேர்க்க உங்கள் பிள்ளைக்குத் தோன்றவில்லை. ராசம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப ஆறு வருஷமா லோகு கேக்குதுன்னு வாங்கி வாங்கித் தின்னது யாரு?" என்றாள். உங்களிடம் மறைப்பானேன், நான்தான். அந்தக் குழம்பு எனக்கு உயிர். இனி வராது.

அதோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை மகளிர் குழுத் தலைவி ஜான்சி வந்தது. முதுநகரில் குழுப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க லோகு வர வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்கிற பெண். ஒவ்வொரு தடவையும் நான், "உடம்பு முடியலையாம், வேண்டாங்கிறா" என்று அனுப்பிவிடுவேன். இந்தத் தடவை ஜான்சி லோகுவிடமே தைப்பதுபோலக் கையைக் காட்டிக் கேட்க, லோகு ஜான்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டப்பா, "வர்றேன். நாளைக்கு. பத்து மணி" என்றது. ஜான்சி, "என்னா சார், அக்காவுக்கு ஒரே நாள்ல உடம்பு தேறிடுச்சா?" என்று என்னிடம் கேட்டு, நான் இதுவரை சொல்லியனுப்பியதை லோகுவுக்கும் சைகையில் காட்டிவிட்டுப் போனது. ராத்திரிச் சாப்பாட்டை லோகு என் முன்னால் வைத்தாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை நானும் கூடவே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பெண்கள். லோகு ரவிக்கைத் துணியை விரித்து வெட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். மார்ச் மாத வெயில், கை வேர்த்துவிட்டது. வேர்வை ஒயருக்குள் இறங்கியதோ என்னவோ, டப்பா "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்று கத்த ஆரம்பித்து, பன்னிரண்டு கத்திரியும் பாதித் துணியில் அப்படியே நின்றன. பிறகு டப்பாவும் நின்றுவிட்டது. லோகு கிளவுஸைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

ஜான்சி என்னிடம் வந்து, "சார், அவுங்க என்ன சொல்றாங்களோ அதை நீங்க சொல்லுங்க. ஆனா அப்படியே சொல்லுங்க" என்றது.

எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். கை இறக்கம், கழுத்து அகலம், தையலுக்கு விட வேண்டிய துணி என்று அவள் காட்டக் காட்ட நானும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் அவள் என்னைக் காட்டி வேறு ஏதோ ஆரம்பித்தாள். நான் தயங்கினேன். ஜான்சி, "ம்" என்றது. சொன்னேன் மச்சான்: "இவரு என் வூட்டுக்காரரு. சோறு தானா போட்டுத் தின்னத் தெரியாது. அதனாலதான் மூணு வருஷமா என்னை அனுப்பலை. எனக்கு உடம்பு நல்லாதான் இருந்துது." பன்னிரண்டு பெண்களும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்காது. ஆனால் முகங்களைப் பார்த்தாள், நான் அப்படியே சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொண்டாள். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

ஆகவே மச்சான், நான் திருந்திவிட்டபடியால் இந்த வீட்டில் இனி கிளவுஸுக்கு வேலையில்லை. சித்தார்த்தை அனுப்பி எடுத்துக்கொள்ளவும். லோகு சொல்வதை நானே பிசகாமல் சொல்லிக்கொள்வேன். அவளுக்கும் அதுவே விருப்பம். பிள்ளைக்கு நல்ல மார்க்கும் நல்ல உத்தியோகமும் கிடைக்க எங்கள் இருவர் ஆசீர்வாதம். அக்காவுக்கு என் அன்பான விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரர்
ராஜாமணி

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. கடிதத்தை ஒட்டப் போகும்போது லோகு வாங்கிப் படித்தாள். "அவளுக்கும் அதுவே விருப்பம்" என்ற இடத்தில் விரலை வைத்து, யார் சொன்னது என்று கேட்டாள். கிளவுஸைப் பையில் போட்டுக்கொண்டு, அதை ரிப்பேர் செய்யவும் இன்னும் இருநூறு வார்த்தை ஏற்றவும் எட்டு மணி பஸ்ஸில் தனியாகச் சிதம்பரம் கிளம்பிவிட்டாள். கடிதத்துக்கு முன்னால் அவள் அங்கே வந்திருப்பாள். நான் எழுதியதும் அவள் சொல்வதும் வேறாக இருந்தால், அவள் சொல்வதையே நம்பவும்.