எறக்கத்துல எஞ்சின நிப்பாட்டினேன்

போன ஞாயித்துக்கெழம என் மச்சானுக்குக் கல்யாணம். எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கண்டி மஹய்யாவையில இருந்து மாமியார என் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போய், தெல்தெனியப் பக்கம் ஒரு கோயில்ல எறக்கிவிடணும்.

தாலி அவங்க கையில. பத்தரைக்குள்ள கட்டியாகணும். "வேன் கும்பல்ல தாலியக் கொண்டுபோக மாட்டேன், நம்ம மாப்பிள்ளை ஆட்டோவுலயே வர்றேன்"னு சொல்லிட்டாங்க. என்மேல அவ்வளவு நம்பிக்கை. பாவம்.

எனக்கு அப்போ ஒரு கிறுக்கு புடிச்சிருந்துச்சு. பெட்ரோல் மிச்சம் புடிக்கிற கிறுக்கு. பாரம் குறைஞ்சா பெட்ரோலும் குறையும்னு எவனோ வீடியோவுல சொன்னான். ஸ்பெயார் டயரக் கழட்டினேன். பாட்டுப் பெட்டியக் கழட்டினேன். கழட்ட முடியாதது அத்தை மட்டுந்தான்.

மேட்டுல, "அத்தை, கொஞ்சம் முன்னுக்குச் சாஞ்சு ஒக்காருங்க"ன்னேன்.

"ஏன், எறங்கித் தள்ளவா?"

அதோட விட்டிருக்கலாம். மெயின் ரோட்ட விட்டுக் குறுக்கு வழியில திருப்பினேன். முழுக்க எறக்கம். கண்டி ஆட்டோக்காரனுக்கு எறக்கத்தக் கண்டா கை தானா சாவிக்குப் போகும். எஞ்சின நிப்பாட்டி நியூட்ரல்ல விட்டேன். வண்டி சத்தமே இல்லாம உருளுது.

"மாப்பிள்ள, வண்டி செத்துப்போச்சா?"

"இல்லங்க அத்தை, மிச்சம் புடிக்கிறேன்."

வளைவு திரும்பினா ரோட்டோரமெல்லாம் சாவுக்குக் கட்டுற வெள்ளைக் கொடி. முன்னால சவ ஊர்வலம். ஒதுங்க இடமில்ல. பொணத்த முந்திக்கிட்டுப் போறதும் மரியாதை இல்ல. பிரேக்க மிதிச்சு மிதிச்சுப் பின்னாலேயே உருண்டேன்.

எஞ்சின நிப்பாட்டி, சத்தங்காட்டாம, பவ்யமா வர்றவனப் பார்த்து அந்த ஊர்க்காரங்களுக்கு மனசு உருகிப்போச்சு. ஒருத்தர் வந்து தோளத் தட்டி, "நல்ல மனசு மல்லி"ன்னு சிங்களத்துல சொன்னாரு. மல்லின்னா தம்பி. சைட் கண்ணாடியில ஒரு வெள்ளைத் துணியையும் கட்டிவிட்டாரு. நடக்க முடியாத ரெண்டு கிழவிங்கள அத்தைக்கு ரெண்டு பக்கமும் ஏத்திட்டாங்க.

கிழவிங்க அழுதாங்க. அத்தையும் அழுதாங்க. இவங்க அழுதது முகூர்த்தத்துக்கு.

"மாப்பிள்ள, எஞ்சினப் போடுங்க."

"எப்படிங்க அத்தை போடுறது? மரியாதைக்கு நிப்பாட்டியிருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

அப்படியே மயானத்து வாசல் வரைக்கும் போய்ட்டோம். ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்ல.

கிழவிங்கள எறக்கிவிட்டு, எஞ்சினப் போட்டுக் கெளம்பினா, கொஞ்ச தூரத்துல அத்தை "நிப்பாட்டுங்க"ன்னாங்க. சாவுக்குப் போய்ட்டுக் குளிக்காம தாலியோட கோயிலுக்குப் போகக்கூடாதாம். ரோட்டோரப் பீலியில மலை ஊத்துத் தண்ணி கொட்டுது. பட்டுச் சேலையோட அதுக்குக் கீழ போய் நின்னாங்க. வேட்டி சட்டையோட என்னையும் இழுத்துவிட்டாங்க. தாலியக் கழுவினோம். ஆட்டோ சீட்டையும் கழுவினோம்.

அப்புறம் முறுக்கினேன் பாருங்க. அன்னிக்கு மிச்சம் புடிச்சதெல்லாம் அந்த ஒரு மேட்டுலயே போயிருக்கும்.

கோயில்ல அய்யர் மந்திரத்த இழுத்துக்கிட்டு இருக்காரு. மச்சான் மொகத்துல ரத்தமே இல்ல. அத்தை சொட்டச் சொட்ட ஓடிப்போய் தாலியக் குடுத்தாங்க. மேளம் கொட்டிச்சு. முகூர்த்தம் தப்பல. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அப்போதான் பொண்ணோட அப்பா என் ஆட்டோவையே பார்த்துக்கிட்டு வந்தாரு. எல்லாத்தையும் கழுவின நாங்க, கண்ணாடியில கட்டியிருந்த வெள்ளைத் துணிய மறந்துட்டோம்.

"என்னங்க சம்பந்தியம்மா, யாராச்சும் தவறிட்டாங்களா?"

அத்தை சேலையப் பிழிஞ்சுக்கிட்டே என்னப் பார்த்தாங்க.

"இன்னும் இல்லங்க. பந்தி முடியட்டும்."