இரண்டு விரலில் தூக்கிய அம்மி

கனம் குறைந்த பொருளைக் கண்டுபிடித்தால் உலகமே கொண்டாடும், கல்யாண மண்டபத்தைத் தவிர. இதை நான் கும்பகோணத்தில், நாதஸ்வரம் பாதியில் நின்றபோது தெரிந்துகொண்டேன்.

அப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனுக்கு உடம்பு செய்வோம். மாவைப் போல நுண்ணிய, உள்ளே வெறுமையான கண்ணாடி மணிகளைப் பிளாஸ்டிக்கில் கலந்து, த்ரீடி பிரிண்டரில் வரிமேல் வரியாக இழைத்தால் ஒருவகைக் கெட்டி நுரை கிடைக்கும். பார்க்கப் பாறை, தூக்கினால் பஞ்சு. (இந்த வசனத்தைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் காபி குடித்துவிட்டுப் போனதில்லை.)

புவனா அக்கா கல்யாணத்துக்கு அப்பா எனக்குக் கொடுத்தது ஒரே வேலை. "நீடாமங்கலத்துலேருந்து நம்ம வீட்டு அம்மிய கார்ல ஏத்திட்டு வந்துடு. உங்கம்மா மிதிச்ச அம்மி. புவனாவும் அதைத்தான் மிதிக்கணும்."

ஒருமுறை அசைத்துப் பார்த்தேன். முதுகு மறுத்தது. உடனே மூளை விஞ்ஞானத்தின் பக்கம் சாய்ந்தது. அம்மியைச் சுற்றிச் சுற்றிச் செல்போனில் படமெடுத்து, அதே அளவில் நுரை அம்மி ஒன்றை அச்சடித்தேன். கறுப்புச் சாயம், கொத்திய புள்ளிகள், உடைந்த மூலை எல்லாம் அப்படியே. மேலே ஏறிக் குதித்தேன், நசுங்கவில்லை. நசுங்குமா என்று பார்த்த மேதை, நகருமா என்று பார்க்கவில்லை.

தாலி கட்டியாயிற்று. நெல் விளையும் ஊர்க்காரர்கள் அட்சதை போடுவதில் கஞ்சத்தனம் காட்டமாட்டார்கள். மேடை முழுக்க அரிசி. அதன்மேல், மூச்சு வாங்குவதுபோல் நடித்தபடி, நானே அம்மியைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இந்த அம்மி மாதிரி அசையாம இருக்கணும்மா," என்றார் ஐயர்.

அத்தான் குனிந்து அக்காவின் காலைப் பிடித்து அம்மிமேல் வைத்தார். அம்மி கிளம்பியது.

அரிசியில் சறுக்கி மேடையைக் கடந்து, அத்தானின் அம்மா காலடியில் போய் நின்றது. அக்கா அத்தான்மேல் விழுந்தாள். அத்தான் பூக்கூடைமேல் விழுந்தார்.

சம்பந்தியம்மா அம்மியை இரண்டு விரலில் தூக்கினார். தூக்க முடிந்ததே என்று அரண்டு, கீழே போட்டார். சத்தமே வரவில்லை. நாதஸ்வரம் பாதியில் நின்றது.

"என்னங்க இது, கல்லுல கனமே இல்ல? சகுனம் சரியில்லீங்க. மேற்கொண்டு எதுவும் செய்ய வேணாம், பெரியவங்க பேசட்டும்."

அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார். "உன் வேலையா?"

"ரொம்ப உறுதியான பொருள்ப்பா. ட்ரோன்ல..."

"வாய மூடு."

அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். "அத்தை, கல்லுதான் ஓடுச்சு. நான் ஓடல. எங்க வீட்டு அம்மி வர்ற வரைக்கும் இங்கேயே நிக்கிறேன். தம்பி போய்க் கொண்டு வருவான், தனியா."

சம்பந்தியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நிக்க வேணாம், உக்காரும்மா. அவன் மட்டும் ஓடட்டும்," என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நான் திரும்பும்வரை பந்தி போடவில்லை. பசியோடிருந்த இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க, அசல் அம்மியைக் கட்டிப்பிடித்தபடி படியேறினேன். ஒருவர்கூடக் கை கொடுக்கவில்லை. அக்கா மிதித்தாள். அம்மி அசையவில்லை.

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் எந்தக் கல்யாணம் என்றாலும் அம்மி சுமப்பது நான்தான். நான் நிஜமாகவே மூச்சு வாங்குவதைச் சம்பந்தியம்மா கிட்ட வந்து பார்த்து, "சரி, கல்லுதான்," என்று தலையசைத்த பிறகே ஐயர் ஆரம்பிப்பார்.

என் கல்யாணத்திலும் நானேதான் சுமந்தேன், பட்டு வேட்டியோடு. அப்படியும் என் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. காலை வைப்பதற்குமுன் அம்மியை ஓர் எத்து எத்திப் பார்த்தாள். கல்யாண ஆல்பத்தில் அவள் கால் கட்டைவிரலில் தெரியும் கட்டு அதற்குத்தான்.