ஒரு வக்கீலுக்கு இருவர் பொருத படலம்

வாழ்க ஏசி மெக்கானிக்! ஊரார் அறைகளையெல்லாம் பனிமலைக் குகைகளாக்கிவிட்டுத் தன் வீட்டில் மின்விசிறிக் காற்றுக்கு ஏங்கும் ஏந்தல், முறுக்காணிகளின் முதல்வன், ஸ்க்ரூடிரைவர் என்னும் செருவாள் தாங்கிய செங்கையன்! அவன் புகழ் பாடப் புகும் என் நா குழறாதிருக்கக் கலைத்தெய்வங்கள் காக்கட்டும். பாடப்போவது விவாகரத்து விவகாரம்; கொஞ்சம் பார்த்துத்தான் பாட வேண்டும்.

பகையின் வேர் ஒரு விசிறி. பகலெல்லாம் மொட்டைமாடி வெயிலில் வெந்து, அந்தியில் மனை புகும் மாவீரன் ரெகுலேட்டரை ஐந்தில் நிறுத்துவான். முன்னறையில் தையல் மிஷின் முழங்க வீற்றிருக்கும் அவன் மனைவி, ஊசிவேல் நாயகி, வெட்டி வைத்த துணியெல்லாம் வெருண்ட புறாக்களாய்ப் பறப்பது கண்டு ஒன்றுக்கு இறக்குவாள். ஐந்து, ஒன்று, ஐந்து, ஒன்று எனத் திருகித் திருகி, ஒருநாள் குமிழ் கையோடு வந்துவிட்டது. இல்லறமும் அத்தோடு கழன்றதென்று இருவரும் முடிவு கட்டினர்.

அந்தோ, பிரிவதற்கும் பணம் வேண்டுமே! பித்தளைப் பெயர்ப்பலகை மின்னும் பெரிய வக்கீல் கேட்ட முன்பணத்தில் இன்னொரு கல்யாணமே செய்துகொள்ளலாம். அடுத்தவரோ நிலத்தகராறு தவிர வேறெதையும் தொடமாட்டார். வீதி வீதியாய் அலைந்து வாடிய வீரனுக்கு, பேக்கரி மாடியில் ஒரு வக்கீல் வரமாய் வாய்த்தார். அவர் மேசைமீது ஏசி ஓயாது நீர் சொரிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்தால் பீஸ் வேண்டாமென்று வாக்களித்தார். அவருடைய கறுப்பு அங்கி கக்கத்தில் கிழிந்திருந்ததையும், புதிதாய்த் தைத்துத் தந்தால் பீஸ் வேண்டாமென்று இன்னொருத்திக்கும் அவர் வாக்களித்திருந்ததையும் வீரன் அறியான்.

குறித்த நாளில், தோளில் ஏணி துலங்க, அவன் படியேறிக் கதவைத் திறந்தான். உள்ளே வக்கீல் கைகளை விரித்து நின்றார். வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி, பாதி தைத்த அங்கியை அவருக்குப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி!

"உனக்கும் இவருதானா?" என்று இடியென முழங்கினான் அவன்.

குண்டூசிகளைக் கையில் உமிழ்ந்து, "பின்ன, காசுக்கு நான் எங்க போவேன்?" என்று எதிர்முழங்கினாள் அவள்.

இருவரும் ஒரே குடித்தனம் என்பதை அப்போதுதான் உணர்ந்த வக்கீல், விரித்த கைகளை மடக்காமலே பிரகடனம் செய்தார்: "ரெண்டு பேருக்கும் நான் வாதாட முடியாது. யாரு வேலைய முதல்ல முடிக்கிறீங்களோ, அவங்கதான் என் கட்சிக்காரர்." தோற்றவர் கதி பித்தளைப் பலகையின் வாசல்தான்.

மூண்டது போர்! ஏணியேறிய ஏறு, ஏசியின் மூடியைக் கழற்றி, அடைபட்ட குழாயைத் தேடி அதன் வயிற்றுக்குள் தலையை நுழைக்க, அங்கியைக் கழற்றி வாங்கித் தரையமர்ந்த அணங்கு அதன் கைமடிப்பை மின்னலெனத் தைக்க, வியர்வை வெள்ளமாய்ப் பெருக, வக்கீல் கோப்புகளைக் குழந்தைகளைப் போல் அணைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினார். இருண்ட குழாய்க்குள் கண் தெரியாத வீரன், வீட்டு வழக்கப்படி, திரும்பாமலே கை நீட்டினான்: "டார்ச்ச புடி."

அவளும் வீட்டு வழக்கப்படியே எழுந்து பிடித்தாள். இடப்பக்கம் என்று அவன் சொல்லும் முன்பே ஒளியை இடப்பக்கம் சாய்த்தாள். மறுகையால் ஊசியையும் நூலையும் நீட்டி, "இத கோத்துக் குடுங்க, கறுப்பு நூல் கண்ணுக்கே தெரியல" என்றாள். எதிரியின் வேலுக்குத் தானே கூர் தீட்டுகிறோம் என்ற நினைவே இன்றி, நூல்முனையை நாவில் நனைத்து, ஒரே வீச்சில் கோத்துக் கொடுத்தான் அவன்.

ஏசி சொட்டுவதை நிறுத்திய அதே நொடியில் அவள் கடைசி முடிச்சைப் போட்டாள். புத்தம்புது அங்கியில், குளுகுளு காற்றில் நெடுநேரம் நின்று யோசித்த வக்கீல், வெற்றி யாருக்கென்று சொல்ல அஞ்சி, இருவரையும் கும்பிட்டு வெளியே அனுப்பிவிட்டார்.

பேக்கரி வாசலில் நின்றனர் மாவீரர் இருவரும். ஏமாந்த கோபம் பெரிதாயிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சிரித்துவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாயிருந்தது.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரெண்டு வக்கீல் இருக்காங்களாம்!" என்று அறைகூவினாள் நாயகி.

"ஆளுக்கு ஒருத்தரு!" என்று ஆர்ப்பரித்தான் நாயகன்.

எண்திசையும் அதிர, புழுதிப்படலம் பகலவனை மறைக்க, பிரிந்தே தீர்வதென்ற பெருஞ்சூளுரை விண்ணை முட்ட, புறப்பட்டது படை.

அவள் பின்னால் உட்கார்ந்து ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஒரே பைக்கில் போனார்கள்.