பிள்ளைகள் மண்டபத்தில் பியர் விற்பது பற்றிச் செலஸ்ரின் அக்காவுக்கு

மோர்னிங்சைட், ரொறன்ரோ
வியாழக்கிழமை பின்னேரம்

மன்னார்க் கன்னியர் மடத்தில் ஆண்டவருக்கு ஊழியம் செய்யும் என் மதிப்புக்குரிய மூத்த அக்கா செலஸ்ரினுக்கு, தம்பி யேசுரட்ணம் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் கிளடிசும் ஆண்டவரின் கிருபையாலும், காலையில் இரண்டும் இரவில் ஒன்றுமாக விழுங்கும் குளிசைகளாலும் நல்ல சுகம். மகன் றொய்சன், மருமகள் அட்சயா, பேத்தி மெலனி மூவரும் ஸ்ரௌவ்வில்லில் புது வீட்டில் சுகமாக இருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை மெலனிக்கு ஏழு வயது. உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா, மடத்துத் தண்ணீர் மோட்டர் திருத்தியாயிற்றா என்று அறிய ஆவல். வாட்ஸப் இருக்கும்போது இவனுக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். மடத்தில் உள்ளது ஒரே போன், அதில் வருவதை உங்கள் மதர் முதலில் வாசிப்பார். என் போனில் போவதைக் கிளடிஸ் முதலில் வாசிப்பாள். இரண்டு பேருக்கும் தெரியாமல் உங்களிடம் ஒன்பது நாள் சொல்கிற நவநாள் செபம் ஒன்று கேட்கவேண்டியிருப்பதால்தான் முத்திரை வாங்கினேன்.

விஷயம் இதுதான். மெலனியின் பிறந்தநாளை வருஷா வருஷம் இங்கே ஒரு பிள்ளைகள் விளையாட்டு மண்டபத்தில்தான் கொண்டாடுகிறோம். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். சறுக்கி, துள்ளுமெத்தை, பிளாஸ்ரிக் பந்துகளால் நிரப்பிய குளம், கரடி வேஷம் போட்ட ஒரு ஆள், எல்லாம் உள்ளே இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த மண்டபத்தின் கண்ணாடிக் கதவில் போன மாதம் அரசாங்க அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. பெற்றோருக்குப் பியரும் வைனும் விற்க லைசென்ஸ் கேட்டிருக்கிறார்களாம், ஆட்சேபனை உள்ளவர்கள் எழுதித் தரலாமாம். எனக்கு உடம்பு பதறிவிட்டது அக்கா. ஒரு குழந்தை பந்துக் குளத்திலிருந்து தலையை நீட்டி அப்பாவைத் தேடும்போது, அந்த அப்பா கையில் பியர் கிளாசோடு நின்றால் அந்தப் பிஞ்சு மனம் என்ன பாடுபடும். இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்திலும் கவுண்டர் போடுவார்கள். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்று பிள்ளை வளர்த்தவன் நான், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமுடியுமா. சம்பந்தி விநாயகமூர்த்தியிடம் சொன்னேன். அவர் சைவம், நாங்கள் வேதக்காரர். கலியாணம் கோயிலிலா தேவாலயத்திலா என்று ஆறு மாதம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் நாங்கள். இந்த விஷயத்தில் மட்டும் ஒரு நிமிஷத்தில் ஒன்றாகிவிட்டோம். "யேசண்ணை, உதை விடக்கூடாது. பிள்ளையளின்ரை எதிர்காலம் எல்லே," என்றார்.

அடுத்த ஞாயிறே கையெழுத்து வேட்டைக்கு இறங்கினோம். அதே மண்டபத்தில் அன்றைக்கு வேறொரு தமிழ்ப் பிள்ளையின் பிறந்தநாள். ஒரு மணித்தியாலத்தில் நாற்பத்து மூன்று கையெழுத்து. அலைந்து திரியவேண்டி வரவில்லை, எல்லாரும் பார்க்கிங்கில் ஒரே பக்கமாக, திறந்த கார் டிக்கிகளைச் சுற்றித்தான் நின்றார்கள். ஒரு கையில் பேப்பர் கப், மறு கையில் எங்கள் பேனை. "பிள்ளையள் வாற இடத்திலை குடியோ, ஆர் விட்டது," என்று சொல்லிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு தரம் போட்டார். தாளில் நாலைந்து இடத்தில் கப் வைத்த வட்டம் விழுந்துவிட்டது. கோப்பி என்று நினைப்பார்கள், பரவாயில்லை என்றார் விநாயகமூர்த்தி.

நீங்கள் தப்பாக விளங்கிக்கொள்ளக் கூடாது என்பதால் இந்த டிக்கி விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இங்கே தமிழ் ஆட்களின் பார்ட்டி எதுவென்றாலும் பெண்களும் பிள்ளைகளும் உள்ளே போவார்கள், ஆண்கள் காற்று வாங்கப் பார்க்கிங்கில் நிற்பார்கள். காற்று வாங்கும்போது தொண்டை காய்ந்தால் டிக்கியில் ஏதாவது இருக்கும். விநாயகமூர்த்தியின் வான் வண்டியில் ஸ்பெயர் டயர் இருக்கவேண்டிய குழிக்குள் போத்தல், பேப்பர் கப், கடலை, கட்லட் எல்லாம் அச்சாவாக அடுக்கியிருக்கும். ஸ்பெயர் டயர் அவர் வீட்டுக் கராஜில் பத்திரமாக இருக்கிறது. இது சட்டப்படி குற்றம் என்று றொய்சன் சொல்கிறான், அவனுக்கு எல்லாமே குற்றம்தான். உள்ளே விற்கத் தொடங்கினால் இந்த ஒழுங்கெல்லாம் குலைந்துபோகும். உள்ளே போவதென்றால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அடியில் ரப்பர்ப் பொட்டு வைத்த மஞ்சள் சொக்ஸ் போடவேண்டுமாம். எழுபது வயது மனிதன் மஞ்சள் சொக்ஸ் போட்டுக்கொண்டு, மனைவிக்கு முன்னால் உட்கார்ந்து பியர் குடிப்பதை நினைத்துப் பாருங்கள். குடிக்கிறதுக்கே ஒரு மரியாதை இல்லாமல் போய்விடும். இன்னொன்று, கனடாவுக்கு வரும்போது மடு மாதாவுக்கு முன்னால் உங்கள் கையில் அடித்துத் தந்த சத்தியத்தை நான் மீறவில்லை. திருநாள் பெருநாளில் மட்டும் என்றுதானே சொன்னேன். இங்கே தமிழ்ப் பிள்ளைகள் அதிகம், அதனால் பிறந்தநாளும் அதிகம்.

எங்களுக்கு எதிர்க்கட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தது. கையெழுத்துத் தாளை மேசையில் வைத்தேன், கிளடிஸ் எடுத்து முகர்ந்து பார்த்தாள். "உது ஆட்சேபனையோ, இல்லாட்டிக் கள்ளுத் தவறணை இடாப்போ?" என்றாள். நான் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், அவள் விடவில்லை. "உள்ளுக்கு வித்தா நல்லதுதானே. எங்கடை கண்ணுக்கு முன்னாலை ஒண்டோ ரெண்டோ குடிச்சிட்டு எழும்புவியள். கேக் வெட்டேக்கை எண்டாலும் ஆள் இருப்பியள். ஆறு வருஷமா அந்தப் பிள்ளையின்ரை படத்திலை அப்பப்பாவும் இல்லை, அம்மப்பாவும் இல்லை, கரடிதான் நிக்குது," என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. அவளும் சம்பந்தியம்மா கமலாம்பிகையும் சேர்ந்து, லைசென்ஸ் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்று இன்னொரு தாள் எழுதி, அறுபத்தொரு தாய்மாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். குடிக்கு ஆதரவாகத் தாய்மாரும் எதிராகத் தகப்பன்மாரும் நிற்கிற விசித்திரம் வேறெந்தச் சாதி சனத்திலும் நடந்திருக்காது. அந்த அறுபத்தொன்றில் முதலாவது கையெழுத்து என் மருமகளுடையது.

கிளடிஸ் நினைப்பதுபோல நாங்கள் சும்மா வெளியே நிற்பதில்லை. கார்க் களவு கூடிப்போனதால் அப்பப்பா காருக்குக் காவல் நிற்கிறார் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது முழுப் பொய்யும் இல்லை. போன வருஷம் பதினொரு பேர் காவல் நிற்கும்போதே ஒரு புதுக் கார் களவு போனது. களவெடுத்தவன் ஹோர்ன் அடித்தபோது நாங்கள்தான் ஒதுங்கி வழிவிட்டோம். "வா, வா, இப்ப வெட்டு," என்று கை காட்டிப் பின்னுக்கு எடுத்துக் கொடுத்ததும் விநாயகமூர்த்திதான்.

போன செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் கந்தோர்க்காரர் கொம்பியூட்டர் வழியாக எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். றொய்சன் வீட்டில் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்தேன், கீழே கட்டியிருந்தது சாரம்தான். திரையில் ஒரு பெட்டியில் அதிகாரி அம்மா, இன்னொரு பெட்டியில் விநாயகமூர்த்தி. எழுதி வைத்திருந்த பேச்சைப் பத்து நிமிஷம் வாசித்தேன். பிஞ்சு மனம் என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆறு வருஷமாக அங்கே போகிறீர்கள், நல்லது. கவுண்டர் போடப் போகிற இடத்துக்கும் பந்துக் குளத்துக்கும் எவ்வளவு தூரம், நடுவில் சுவர் இருக்கிறதா என்று சொல்லுங்கள்," என்றார். அக்கா, நான் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனதே இல்லை. கிட்டத்தான் என்றேன். எவ்வளவு கிட்ட என்றார். நல்ல கிட்ட என்றேன். அப்போதுதான் பக்கத்திலிருந்து படம் கீறிக்கொண்டிருந்த மெலனி எழும்பிக் கமராவுக்கு முன்னால் வந்து, குளம் எங்கே, சறுக்கி எங்கே, கேக் வெட்டுகிற அறை எங்கே என்று எல்லாவற்றையும் சொன்னாள். "உன் தாத்தா உள்ளே வருவதில்லையா?" என்று அந்த அம்மா கேட்டார். "நோ, அப்பப்பாதான் செக்யூரிட்டி. ஹி ஸ்ரான்ட்ஸ் இன் த கோல்ட், என்ரை பிரெசன்ற்ஸை ஒருத்தரும் எடுக்காமல்," என்றாள். விநாயகமூர்த்தியின் பெட்டி உடனே இருண்டுபோனது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது அக்கா. அவள் பகிடிக்குச் சொல்லியிருந்தால் சிரித்துச் சமாளித்திருப்பேன். பெருமையாகச் சொன்னாள். ஆறு வருஷமாக அவள் மெழுகுதிரி ஊதுகிற நேரமெல்லாம் வெளியே குளிரில் தனக்காக ஒருவர் நிற்கிறார் என்று நினைத்திருக்கிறாள். அதற்காகக் கொள்கை மாறிவிட்டது என்று நினைக்கவேண்டாம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமைக்குள் மேலதிகமாக எழுதித் தரலாம் என்று அதிகாரி அம்மா தவணை தந்திருக்கிறார். சனிக்கிழமை பிறந்தநாளுக்கு உள்ளே போகப் போகிறேன், பார்வையிட மட்டும். ஆகவே, அந்த லைசென்ஸ் எக்காரணம் கொண்டும் கிடைக்கக் கூடாது என்று அந்தோனியாருக்கு ஒரு நவநாள் சொல்லுங்கள். தபால் போய்ச் சேருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்தான், ஆனால் கடவுளுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

மடத்தில் எல்லாருக்கும், விசேஷமாக மதருக்கும், எங்கள் வணக்கம். மடு மாதா உங்கள் முழங்காலைச் சுகமாக்கி, இன்னும் நெடுங்காலம் எங்களுக்காக அதில் நிற்க வைப்பாராக.

இப்படிக்கு,
கொள்கையில் உறுதியுள்ள உங்கள் தம்பி
யேசுரட்ணம்

பி.கு. இன்று ஞாயிறு. கிளடிஸ் கண்ணில் படாமல் கடிதத்தைப் பைபிளுக்குள் ஒளித்து வைத்தேன், அதனால் தபாலில் போடவும் மறந்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று.

நேற்று உள்ளே போனேன். மஞ்சள் சொக்ஸ் போட்டேன். வழுக்காது என்று சொல்லித்தான் தந்தார்கள், மூன்றாவது அடியில் பந்துக் குளத்துக்குள் கிடந்தேன், கரடிதான் கை கொடுத்துத் தூக்கியது. கவுண்டருக்கு ஒதுக்கிய இடம் அந்தக் கடைசித் தொங்கலில், கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறது, நல்ல தூரம். மெலனி என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், பிள்ளையின் முகம் வெளிறிப்போயிருந்தது. "அப்பப்பா, வை ஆர் யூ இன்சைட்? காரை ஆர் பாக்கிறது?" என்றாள். அம்மப்பா பார்க்கிறார் என்றேன். "தனியவோ? பாவம்," என்றாள். பிறகு மெழுகுதிரி ஊதினாள், கேக் வெட்டினாள், முதல் துண்டை என் வாயில் தீத்தினாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நான் படத்தில் நிற்கிறேன், கரடி ஓரமாகத்தான் நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கிரீம் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

நான் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் பிள்ளையைக் காணவில்லை. கோட்டும் இல்லை, பூட்ஸும் இல்லை. நானும் றொய்சனும் ஓடினோம், நான் அந்தச் சொக்ஸோடேயே ஓடினேன். விநாயகமூர்த்தியின் வான் டிக்கியில் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். மடியில் அவருக்கென்று கொண்டுபோன கேக். "அப்பப்பா, நீங்கள் உள்ளை போய் இருங்கோ, இண்டைக்கு நான் ஒரு ஷிஃப்ற் நிக்கிறன்," என்றாள். சொல்லிவிட்டு அடுக்கிலிருந்து ஒரு பேப்பர் கப்பை உருவி விநாயகமூர்த்திக்கு முன்னால் நீட்டினாள். "அம்மப்பா, எனக்கும் ஊத்துங்கோ. செக்யூரிட்டி ஆக்கள் எல்லாரிட்டையும் கப் இருக்குத்தானே."

பார்க்கிங்கில் எல்லாரும் தங்கள் கப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள் அக்கா. விநாயகமூர்த்தி அவசரமாகக் குழிக்குள் தண்ணீர்ப் போத்தல் தேடினார். அந்த டிக்கியில் தண்ணீர் மட்டும் இல்லை. பிள்ளை கப்பை நீட்டியபடியே இருந்தாள். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன், பின்னால் விநாயகமூர்த்தி வந்தார், அவருக்குப் பின்னால் மற்ற ஒன்பது பேரும் வந்தார்கள். மண்டபத்தில் மஞ்சள் சொக்ஸ் முடிந்து, கடைசி இருவருக்குப் பிள்ளைகளின் அளவுதான் கிடைத்தது.

அதிகாரி அம்மாவுக்கு இன்று காலை எழுதிவிட்டேன், ஆட்சேபனையைத் திரும்பப் பெறுகிறோம் என்று. விற்பதென்றால் உள்ளேயே விற்கட்டும், எங்கள் பெண்டாட்டிமார் பார்த்துக்கொள்வார்கள். கிளடிசின் தாளில் அறுபத்திரண்டாவது கையெழுத்து என்னுடையது, அறுபத்து மூன்று விநாயகமூர்த்தி. ஸ்பெயர் டயரையும் அவர் உரிய இடத்தில் வைத்துவிட்டார். உங்களை எனக்குத் தெரியும் அக்கா, செபம் என்று கண்டால் கடிதத்தை மூடிவிட்டு முழந்தாளில் நின்றுவிட்டுத்தான் மிச்சத்தை வாசிப்பீர்கள். நவநாளை நடுவில் நிறுத்தினால் அந்தோனியார் கோபிப்பார். நிறுத்தவேண்டாம், எத்தனையாம் நாளில் நிற்கிறீர்களோ அதிலிருந்து மற்றப் பக்கம் திருப்பிவிடுங்கள்.