சும்மா உட்காரப் போனவன்

மூச்சு விட்டால் இரவல் கோட்டின் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது. முசோகே மூச்சைப் பிடித்துக்கொண்டு பெண் வீட்டு வேலிக்கதவுக்கு வெளியே வெயிலில் நின்றான். பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வூசி தங்கள் குலப்பெருமையை உள்ளே கேட்கும்படி முழங்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு கோழிகூட எட்டிப் பார்க்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்களைக் காக்க வைத்தால்தான் அந்த வீட்டுக்கு மரியாதை.

முசோகே உகாண்டாக்காரன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் பொறியாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு கிடையாது. "சேர்ந்தாப்ல லீவு வருது, எங்க ஊர் மலைக்கு வாடா. தின்னு, தூங்கு, வேற வேலையே இல்ல" என்று நண்பன் லுவாசி கூப்பிட்டதும், தூண்டிலும் தலையணையுமாகக் கிளம்பி வந்தவன்.

வந்து சேர்ந்த அன்றே லுவாசியின் சித்தப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. பெரியப்பா மட்டும் ஒற்றை ஆளாகப் பெண் கேட்கப் போனால் அவமதிப்பு. அதனால் சித்தப்பாவின் கோட்டும் இடமும் முசோகேவுக்கு வந்தன. லுவாசி கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட நொக்வாண்டாவின் வீட்டார் ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி அனுப்பியவர்கள். இந்தத் தடவையும் ஏதாவது பிசகினால் இனி இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை உள்ளே வரும் வழக்கமே கிடையாது. லுவாசி மலைத்திருப்பத்தில் காருக்குள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"வாயே திறக்காத. திறந்தா அந்நிய ஆளுன்னு தெரிஞ்சுடும், அப்புறம் எனக்குக் கல்யாணமே கிடையாது" என்று அவன் கெஞ்சியிருந்தான். "என்ன செய்றதுன்னு தெரியலைன்னா, அங்க இருக்கிற பெரியவர் செய்றதையே நீயும் செய். சும்மா உக்காந்திருக்கிறதுதானே, இதுவும் ஓய்வுதான்டா."

ஒருவழியாகக் கதவு திறந்தது. பாயில் உட்கார வைத்தார்கள். எதிரே பெண்ணின் சித்தப்பா துமிசானி, பேசுவதற்கென்றே பிறந்தவர். அவர் பக்கத்தில் நரைத்த தாடியோடு ஒரு பெரியவர். அவர் வாயைத் திறக்கவில்லை. முசோகேயின் மேலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டாரோ என்று முசோகே பயந்தான்.

பேச்சு ஜூலு மொழியில் ஓடியது. முசோகேவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நடுவே இஞ்சி பானம் வந்தது. வியர்வையைத் துடைக்க அவன் கையைத் தூக்கினான். பெரியவரின் கை கோப்பையை நோக்கிப் போனது. ஓ, குடிக்க வேண்டும் போலிருக்கிறது என்று முசோகே தன் கோப்பையை எடுத்தான். பெரியவரும் எடுத்தார். இரண்டு பேரும் ஒரே மடக்கில் குடித்து முடித்தார்கள்.

எல்லோரும் முசோகேயையே முறைத்தார்கள். பெரியவர் குடிக்கலாம், அவர் பெண் வீட்டுப் பக்கம். பெண் கேட்டு வந்தவன், வாய் திறப்பதற்கான காணிக்கையை வைக்கும் முன் நாக்கை நனைக்கக் கூடாது. துமிசானி ஓர் ஆடு அபராதம் போட்டார். பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

வெட்கத்தில் முசோகே தலையைக் குனிந்தான். ஓரக்கண்ணால் பார்த்தால் பெரியவரும் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். அவர் மனம் புண்பட்டுவிட்டது என்று பதறி, பெரியப்பா தாமாகவே ஒரு கம்பளியைச் சேர்த்தார். கேட்காத கம்பளி கிடைத்ததில் துமிசானிக்கே ஆச்சரியம்.

அதற்குள் முசோகேயின் கால் மரத்துப்போனது. மெல்லக் காலை நீட்டலாம் என்று பாதி எழுந்தான். பெரியவர் விருட்டென்று எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.

"பெரியவரே எழுந்துட்டாருப்பா. போச்சு, எல்லாம் போச்சு" என்று பெரியப்பா ஆங்கிலத்தில் அவன் காதோரம் முனகினார்.

காருக்குள் உட்கார்ந்திருக்கும் லுவாசியின் முகம் முசோகேயின் கண்முன் வந்தது. தன்னால் ஒரு கல்யாணம் நின்றுபோகிறதே என்று தவித்தான். பேசவும் முடியாது. வேறு வழி தெரியாமல் இரண்டு கைகளையும் பெரியவரை நோக்கி நீட்டினான். பெரியவரும் இரண்டு கைகளையும் நீட்டி இறுகப் பற்றிக்கொண்டார்.

அவர் விட்டால் விடலாம் என்று முசோகே காத்திருந்தான். அவர் விடுவதாகத் தெரியவில்லை. கதவோரம் நின்ற பெண்கள் அதைப் பார்த்துவிட்டுக் குலவையிட்டார்கள். குலவை போட்ட பிறகு பேச்சை இழுக்கும் தைரியம் அந்த ஊரில் எந்த ஆணுக்கும் கிடையாது. துமிசானி ஒரு பெருமூச்சோடு சம்மதம் சொன்னார்.

பெரியப்பா காருக்கு ஓடினார். முசோகே இறைச்சித் தட்டோடு மரத்தடிக்கு ஒதுங்கினான். நிம்மதியாக ஒரு துண்டை வாயில் வைக்கும்போது பெரியவர் தேடிக்கொண்டு வந்து எதிரே நின்றார். மாட்டிக்கொண்டோம் என்று அவன் தட்டைக் கீழே வைத்தான். பெரியவரும் தம் தட்டைக் கீழே வைத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்.

"தம்பி, நான் ஜாம்பியாக்காரன், நல்லாத் தூங்கலாம்னு சொல்லி என்னைக் கூட்டிட்டு வந்து, இவங்க வீட்டுப் பெரியவருக்குக் காய்ச்சல், தெரியலைன்னா வந்தவங்க செய்றதையே செய்யுங்கன்னு உக்கார வச்சுட்டாங்க... நீங்க செஞ்சதையெல்லாம் நான் சரியாத்தானே செஞ்சேன்?"