இளைய மாப்பிள்ளையின் வெள்ளையணுக்கள்

"புழுன்னு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்!" என்று கைகூப்பினார் நாற்றுப் பண்ணைக்காரர்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே! வெள்ளையணுவுல ஒரு வகை எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ரத்த நோயாவும் இருக்கலாம். வயித்துல புழு இருந்தாலும் இப்படித்தான் ஏறும். மலப் பரிசோதனை பார்த்துட்டுச் சொல்றேன். ஆமா, மண்ணுல வெறுங்காலோட நடப்பீங்களா?"

நடப்பாராவது! ஈர மண்ணில் வெறுங்கால் பதியாவிட்டால், செடிகளை நலம் விசாரித்ததாகவே அவருக்குத் தோன்றாது. "செருப்பை மாட்டிக்கிட்டு இறங்குங்க" என்று மனைவி தொண்டை வறளக் கத்தியும் கேளாத செவிகள் அவருடையவை. புழு என்று தெரிந்தால், "சொன்னேனா இல்லையா?" என்னும் கேள்வியோடன்றோ எஞ்சிய ஆயுளைக் கழிக்கவேண்டும்? ஆகவே வீடு திரும்பியவர், மருத்துவர் கூறிய இரண்டனுள் முதலாவதை மட்டும் கூறினார்.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் அடுத்த பேருந்திலேயே வந்து இறங்கினார். அதுகாறும் அவரை "அந்தச் செடிக்காரர்" என்றே குறிப்பிட்டு வந்த அம்மையார், முதன்முறையாக வாயார "மாப்பிள்ளை" என்றழைத்தார்.

அக்குடும்பத்தில் அத்தகைய மரியாதை ஒருவருக்கே உரியதாயிருந்தது. இரத்த நோயை வென்று மீண்டவர் என்று பெயரெடுத்த சகலைக்கு, அதாவது மூத்த மாப்பிள்ளைக்கு, மின்விசிறியின் நேர்கீழ் நாற்காலியும், கேளாமலே வரும் பழச்சாறும் நிரந்தரம். இப்போது இன்னொரு நாற்காலியும் மின்விசிறியின் கீழ் நகர்ந்தது. நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மருத்துவர் தொலைபேசியில், "நல்ல சேதி! புழுதான். தோட்டத்துல நடக்கிற எல்லாருமே மாத்திரை போட்டுக்கட்டும்" என்றார்.

'நல்ல சேதியாம்!' என்று பொருமிக்கொண்டே மாத்திரைகளை வாங்கிவந்தவர், "சத்து மாத்திரை. ஆளுக்கொண்ணு போட்டுக்குங்க" என்றார்.

"உங்க நோய்க்கு நாங்க எதுக்குங்க போடணும்? தொத்து நோயா?"

"சேச்சே! உடம்புக்கு நல்லதுன்னு..."

"எனக்கெதுக்கு மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"என்னைப் பார்த்துக்க உங்களுக்கும் தெம்பு வேணும்ல, அத்தை?"

"அவ்வளவு நாள் படுக்கையா!" என்று மாமியார் பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினார்.

மனைவி அழவில்லை; தொலைபேசியை எடுத்தாள். அதுதான் பெரிய ஆபத்து.

"ஏங்க, நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். இடுப்பெலும்புல ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்துப் பார்ப்பாங்களாம்."

"இடுப்புலயா!"

"பயப்படாதீங்க. மாத்து மஜ்ஜை வேணும்னா என்னோடதை எடுத்துக்கட்டும். அக்கா வீட்டு அத்தானையும் வரச் சொல்லியிருக்கேன். அனுபவப்பட்டவர், பக்கத்துல இருந்தா உங்களுக்குத் தைரியமா இருக்கும்."

பண்ணைக்காரருக்குக் குடித்த பழச்சாறு முழுவதும் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. செருப்பைக் கூட மாட்ட மறுத்தவனுக்குத் தன் எலும்பையே திறந்துதர நிற்கிறாளே!

அந்தியில் சகலை வந்தார். நோயை வென்றவருக்குரிய மெல்லிய புன்னகையோடு யாவரையும் வெளியே அனுப்பிவிட்டு, அறைக்கதவைச் சாத்தினார்.

"மனசை விட்டுடாதீங்க சகலை. இதெல்லாம் கடந்து வந்தவன் நான்."

அவ்வளவுதான், அணை உடைந்தது.

"எனக்கு ரத்த நோயுமில்ல, ஒரு மண்ணுமில்ல! வயித்துல புழு! அவ பாட்டுக்கு மஜ்ஜையைத் தர்றேங்கிறா. என்னால தாங்க முடியல. ஆயுசுக்கும் 'சொன்னேனா இல்லையா'ன்னு கேட்டாலும் பரவாயில்ல, இப்பவே போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்!"

எழுந்தவரைச் சகலை பாய்ந்து பிடித்தார். புன்னகை போன இடம் தெரியவில்லை. கதவின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு கிசுகிசுத்தார்:

"மெதுவாப் பேசுங்க சகலை! நீங்க புழுன்னு ஒத்துக்கிட்டா, அன்னைக்கு எனக்கு வந்தது மட்டும் என்னன்னு கேக்க மாட்டாங்களா?"